பின் டயர் உள்பக்கம் மட்டும் தின்னுது: 21,000 கி.மீ.யிலேயே காம்பாக்ட் எஸ்யூவி டயர் மொட்டை

சாலைவாசி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும்) காம்பாக்ட் எஸ்யூவி, பெட்ரோல், ஆட்டோமேட்டிக். வண்டியோடு வந்த டயர்கள்தான் இன்றுவரை, அளவு 225/60 ஆர்17. ஓடியிருப்பது 21,000 கி.மீ. பாதி நெடுஞ்சாலை, பாதி ஊருக்குள் ஓட்டம். முதல் சர்வீசில் டயர் ரொட்டேஷன் (டயர்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுவது) செய்தார்கள், அதன்பின் நடக்கவில்லை.

பின் இடது டயரை வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. உள்பக்க ஓரத்தில் பள்ளம் ஏறக்குறைய இல்லை, தேய்மானக் குறி மட்டத்தை நெருங்கிவிட்டது. பின் வலதிலும் கொஞ்சம் அதே மாதிரி. முன் டயர்கள் பரவாயில்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "எஸ்யூவின்னா வெயிட் ஜாஸ்தி சார், உங்க ஓட்டுற ஸ்டைலும் இருக்கு, நாலையும் மாத்திடுங்க" என்கிறார்கள். அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து திருத்துவது) செய்து ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள், எல்லாம் பச்சை, அதாவது சரி. பச்சை என்றால் டயர் ஏன் இப்படி ஆகிறது? புது டயர் போட்டு அதுவும் இதே கதி ஆனால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகத்தடை

ஒன்றும் யோசிக்காதீர்கள் சார். கம்பெனியிலிருந்து வண்டியோடு வருகிற டயர் எல்லாமே இப்படித்தான். மைலேஜ் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக லேசான டயரைப் போட்டுத் தருகிறார்கள். 20,000 தாண்டினாலே பெரிய விஷயம். நல்ல பிராண்டில் நான்கு வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்

அவசரப்பட்டு டயர் வாங்காதீங்க தம்பி. டயர் ஏன் தேஞ்சதுன்னு டயரே எழுதி வச்சிருக்கும், அதை முதல்ல படிக்கணும். கழட்டித் தூக்கிப் போட்டுட்டா சாட்சி போயிடும்.

ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து கம்மியா ஓடியிருக்குன்னு அர்த்தம். நடு தேஞ்சு ஓரம் நல்லா இருந்தா காத்து ஜாஸ்தி. இதுல எல்லாம் பெரிய ரகசியம் இல்ல. ஒரே ஓரம் மட்டும் தேஞ்சா அது காத்துப் பிரச்சினையே இல்ல, பெரும்பாலும் சக்கரம் நிக்கிற கோணம் தப்பு. அங்கங்க குழி குழியா, கரண்டியால வழிச்ச மாதிரி இருந்தா ஷாக் அப்சார்பரைப் பாருங்க, இல்லாட்டி பேலன்சிங்.

கண்ணால பாக்கறதை விட கையால தடவிப் பாருங்க. உள்ளங்கையை டயர் மேல குறுக்கே, வெளி ஓரத்துல இருந்து உள் ஓரத்துக்கு இழுங்க. அப்புறம் திருப்பி அப்படியே உள்ள இருந்து வெளிய. ஒரு திசையில வழுவழுன்னு போய், மறு திசையில ரம்பம் மாதிரி கையைப் பிடிச்சா, அது டோ, அதாவது சக்கரம் நேரா பாக்காம உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கு. ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி வழுவழுன்னு ஒரு பக்கமா சாஞ்சு தேஞ்சிருந்தா அது கேம்பர், சக்கரத்தோட மேல்பக்கம் சாஞ்சு நிக்குது. கம்பி வெளிய வந்த டயரை மட்டும் தடவாதீங்க, கையைக் கிழிச்சிடும்.

அப்புறம் டெப்த் கேஜ் (பள்ளத்தோட ஆழம் அளக்கறது) ஒண்ணு வாங்குங்க, சின்னச் சாமான்தான். ஒவ்வொரு டயர்லயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூணு இடத்துல அளந்து எழுதிப் போடுங்க. பேசிக்கலாம்.

காத்தாடி

ஓரம் தேய்கிறது என்றால் காற்றைக் கூட்டிவிடுங்கள், சரியாகிவிடும். டயர் பக்கச் சுவரிலேயே அதிகபட்சம் 51 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். நான் 42 வைத்து ஓட்டுகிறேன், மைலேஜும் கூடுதலாகக் கிடைக்கிறது.

எண்மீன்

காத்தாடி, பக்கச் சுவரில் இருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது அங்கே இருக்காது. அது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி, முழுச் சுமைக்குத் தனி. அந்த எண்ணும் குளிர்ந்த டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் 4 பிஎஸ்ஐ வரைகூட அதிகம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் காலையில் டயர் பசியோடு நிற்கும்.

42 வைத்தால் தரையில் படும் பரப்பு குறைகிறது. நடுப்பகுதி தேய்வதோடு, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளக்கூடும். சிறு லாபத்துக்காக இந்த ஆபத்தை ஏற்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, அதனால் காற்று சரி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 26க்கு இறங்கினாலும் விளக்கு பேசாமல் இருக்கலாம். அந்த 26லேயே மாதக்கணக்கில் ஓடினால் இரண்டு ஓரமும் போய்விடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றழுத்தமும் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை இறங்கும். மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு மாற்றே கிடையாது.

சாலைவாசியின் வண்டியில் ஒரே ஓரம்தான் தேய்கிறது. அதைக் காற்றால் சரிசெய்ய முடியாது. ஸ்பேனர் அண்ணன் கேட்ட அளவுகளுக்காகக் காத்திருக்கிறேன்.

சாலைவாசி

அளந்துவிட்டேன். புது டயரில் 8 மி.மீ. ஆழம் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கிறது. வரிசை: உள் ஓரம், நடு, வெளி ஓரம்.

முன் இடது: 4.5, 4.6, 4.4
முன் வலது: 4.6, 4.6, 4.3
பின் இடது: 1.9, 4.6, 5.1
பின் வலது: 3.8, 4.9, 5.2

பின் இடதில் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, திரும்பி வரும்போது கையைப் பிடிக்கிறது. வலதில் அவ்வளவாகத் தெரியவில்லை. காற்று நான்கிலும் 33, ஸ்டிக்கரில் உள்ளபடி.

எண்மீன்

அருமையான அளவுகள். இதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் முன் டயர்களைப் பாருங்கள். 21,000 கி.மீ.க்கு 3.4 மி.மீ. போயிருக்கிறது, மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு. சட்டப்படியான எல்லை 1.6 மி.மீ. இன்னும் 3 மி.மீ. மிச்சம், இதே வேகத்தில் இன்னொரு 18,000 ஓடும். ஆக இந்த ரப்பர் மொத்தம் 39,000, 40,000 கி.மீ. தரக்கூடிய ரப்பர். (ஈரச் சாலைப் பிடிப்பு 3 மி.மீ.க்குக் கீழே வேகமாகக் குறையும், அதனால் 1.6 வரை இழுக்காதீர்கள்.) வேகத்தடை சொன்னதுபோல் டயரே மட்டம் என்றால் நான்கும் ஒன்றாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஓட்டும் விதம்தான் காரணம் என்றாலும் அப்படித்தான். திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் முதலில் அடிவாங்குவது முன் டயரின் வெளி ஓரம். பின் இடதின் உள் ஓரத்தை மட்டும் தேடிப் போய்த் தின்கிற ஓட்டும் விதம் எதுவும் இல்லை. உங்களைக் குற்றம் சொன்னது சரியில்லை.

இப்போது டோ. மேலிருந்து பார்க்கும்போது ஒரு அச்சிலுள்ள சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ இன், விலகியிருந்தால் டோ அவுட். வண்டி நேராகப் போக, சக்கரம் வேறு திசை பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபடும். கணக்கு எளிது: 0.1 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு 1.75 மீட்டர் பக்கவாட்டு இழுப்பு. 10,000 கி.மீ.க்கு 17 கி.மீ. வருகிறது. அதில் கொஞ்சத்தை ரப்பர் நெகிழ்ந்து தாங்கிக்கொள்ளும், மீதி தேய்மானம். 0.1 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கேம்பரும் சேர்ந்தால் நிலைமை மோசம். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பின் அச்சில் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் வேண்டுமென்றே வைப்பார்கள், திருப்பத்தில் நிலையாக இருப்பதற்காக. டோ சரியாக இருந்தால் அந்தச் சாய்வு டயரைப் பெரிதாகக் கெடுக்காது. டோ பிசகிவிட்டால் இழுபடுகிற ரப்பரின் முழுப் பாரமும் உள் ஓரத்தில் விழும். உங்கள் பின் இடது அப்படித்தான் தெரிகிறது.

அந்த அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் உள்ள எண்களை அப்படியே இங்கே எழுத முடியுமா? நிறம் வேண்டாம், எண்கள் வேண்டும்.

வேகத்தடை

ஒத்துக்கொள்கிறேன், உள் ஓரக் கணக்கு வேறுதான். ஆனால் ஓஇ டயர், அதாவது வண்டியோடு வருகிற டயர், சீக்கிரம் தேயும் என்பது பொய்யில்லையே? என் பழைய வண்டியில் நான்கும் சமமாகத்தான் தேய்ந்தன, 30,000க்குள் முடிந்துவிட்டன. அடுத்து வாங்கியதில் டிரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் திறனுக்கான எண்) 600 என்று போட்டிருந்தது, அது நெடுங்காலம் ஓடியது.

ரப்பர்காரன்

டயர் விற்பனையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வேகத்தடை சொல்வதில் உண்மை இருக்கிறது. வண்டித் தயாரிப்பாளர் டயர் கம்பெனியிடம் கேட்பது குறைந்த உருளும் தடை, குறைந்த சத்தம், குறைந்த எடை. அதற்கேற்ப ரப்பர் கலவையையும் சில சமயம் டிரெட் ஆழத்தையும் மாற்றுவார்கள். அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் வண்டியோடு வரும் டயரும் கடையில் தனியாக விற்கும் டயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

டிரெட்வேர் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் கவனமாக இருங்கள். அது அமெரிக்க அரசின் யூடிக்யூஜி என்ற டயர் தர மதிப்பீட்டு முறையில் வருவது. டெக்சாஸில் 400 மைல் நீளமுள்ள ஒரு சாலைச் சுற்றில், 100 என்று வைத்துக்கொண்ட ஒப்பீட்டு டயரோடு சேர்த்து மொத்தம் 7,200 மைல் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தேய்மானத்தை வைத்து எண்ணைப் போடுவது டயர் கம்பெனியே. எனவே ஒரே கம்பெனியின் 300க்கும் 600க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். ஒரு கம்பெனியின் 500ஐ இன்னொன்றின் 500ஓடு ஒப்பிட்டால் ஏமாற்றம் வரலாம். கிலோமீட்டர் உத்தரவாதமாக அதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது.

மழைவிரும்பி

நடுவில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். என்னுடையதும் காம்பாக்ட் எஸ்யூவிதான், ஃப்ரண்ட் வீல் டிரைவ். பின் டயர்களில் ஆழம் நிறைய இருக்கிறது, ஆனால் 60க்கு மேல் போனால் பின்னாலிருந்து ஊங்ங் என்று ஒரு சத்தம். வீல் பேரிங் போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார். டயராகவும் இருக்கலாமா, ஸ்பேனர் அண்ணா?

பழைய ஸ்பேனர்

இருக்கலாம்மா, நிறைய வண்டியில டயர்தான். பேரிங்கை மாத்திட்டு அப்புறமும் அதே சத்தம் வந்து நிக்கிறவங்க உண்டு.

டயரை இந்தத் தடவை குறுக்கே தடவாதீங்க, சுத்துற திசையில தடவுங்க. ஒவ்வொரு ரப்பர் கட்டையோட ஒரு முனை தூக்கலாவும் அடுத்த முனை இறங்கியும் இருந்தா, அதுதான் அந்த ஊங்ங். ஃப்ரண்ட் வீல் டிரைவ் வண்டியில பின் டயர் இழுக்கிற வேலை செய்யறதில்ல, சும்மா உருண்டுக்கிட்டே வரும், பிரேக் மட்டும் லேசா பிடிக்கும். ரொம்ப நாள் இடம் மாத்தாம விட்டா கட்டைகள் அப்படி ஒருபக்கமா தேயும்.

பேரிங்கா டயரான்னு கண்டுபிடிக்க, காலியா இருக்கிற நல்ல ரோட்டுல சீரான வேகத்துல போகும்போது ஸ்டியரிங்கை மெதுவா இடது வலதுன்னு லேசா அசைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பாரம் ஏறும்போது சத்தம் கூடி, மறுபக்கம் குறைஞ்சா பேரிங் மேல சந்தேகப்படலாம். எப்படி ஒடிச்சாலும் சத்தம் மாறாம, ரோடு மாறும்போது மட்டும் மாறினா டயர். இன்னும் உறுதியா தெரியணும்னா முன்னயும் பின்னயும் டயரை மாத்திப் போடுங்க. சத்தம் முன்னால வந்துட்டா முடிஞ்சது.

ஃப்ரண்ட் வீல் டிரைவ்ல முன் ரெண்டும் நேரா பின்னால, பின் ரெண்டும் குறுக்கா முன்னால. 8,000ல இருந்து 10,000 கி.மீ.க்கு ஒருதடவை பண்ணினா போதும். பக்கச் சுவர்ல அம்புக்குறி இருக்கிற டயர்னா குறுக்கே மாத்தாதீங்க, அந்தந்தப் பக்கத்துலயே முன்ன பின்ன மட்டும்.

மழைவிரும்பி

நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு முனை தூக்கலாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. முதலில் ரொட்டேஷன், மற்றது பிறகு.

சாலைவாசி

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். எண்மீன், உங்களுக்கு முன்பே ஏதோ தோன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். முன் சக்கரங்களுக்கு டோ, கேம்பர், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) எல்லாம் எண்ணோடு இருக்கின்றன, பச்சையில். பின் சக்கரங்களுக்கான கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அளக்கவே இல்லை.

இன்னொன்று. அலைன்மென்ட் செய்த பிறகும் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் திரும்பியே இருக்கிறது. வண்டி இழுக்கவில்லை, ஸ்டியரிங் மட்டும் கோணல். கேட்டதற்கு "ரோடு சரிவு சார்" என்றார்கள்.

எண்மீன்

அந்தக் கோணல் ஸ்டியரிங் முக்கியமான தடயம். பின் சக்கரங்கள் சேர்ந்து பார்க்கிற திசைக்கு த்ரஸ்ட் ஆங்கிள் என்று பெயர். பின் இடது வெளியே திரும்பியிருந்தால் வண்டியின் பின்பாகம் இடதுபக்கம் நகரப் பார்க்கும், மூக்கு வலதுபக்கம் போகும். அதைச் சமாளிக்க ஸ்டியரிங்கை லேசாக இடதில் பிடித்தால்தான் நேராகப் போகும். முன்னை மட்டும் எத்தனை தரம் திருத்தினாலும் பின் சக்கரம் சொல்வதைத்தான் வண்டி கேட்கும். நான்கு சக்கர அலைன்மென்டில் பின் அச்சை முதலில் சரிசெய்து, அதற்கு இணையாக முன்னை வைப்பது இதனால்தான்.

காம்பாக்ட் எஸ்யூவிகளில் பின் சஸ்பென்ஷன் பெரும்பாலும் இரண்டு வகை. டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் ஒரே குறுக்குத் தண்டு இணைப்பது) என்றால் பெரும்பாலும் திருத்த போல்ட் கிடையாது, ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதோ பாகத்தை மாற்றுவதோதான் வழி. உங்களுடையது ஆல் வீல் டிரைவ், மல்டி லிங்க்காகத்தான் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனித் தண்டுகள்) இருக்கும். அதில் பின் டோவைத் திருத்த கேம் போல்ட் (திருகினால் கோணம் மாறும் போல்ட்) இருக்கும். "பின்னால அட்ஜஸ்ட்மென்டே இல்ல" என்று யாராவது சொன்னால் சர்வீஸ் மேனுவலைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்

மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு தம்பி, இதை விட்டுடாதீங்க. புஷ்.

பின் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தறது ஆர்ம், லிங்க்னு சொல்ற தண்டுகள். அதுங்க முனையில ரப்பர் புஷ் இருக்கும். புஷ் கிழிஞ்சிருந்தா வண்டி நிக்கும்போது சக்கரம் ஒழுங்கா நேரா நிக்கும், மெஷினும் பச்சை காட்டும். ஓடும்போது, பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால நகரும், டோ வெளிய திறந்துக்கும். நிறுத்தினா பழைய இடத்துக்கு வந்துடும். இந்த மாதிரி வண்டிக்கு ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பண்ணிப் பண்ணி டயரை மாத்திக்கிட்டே இருப்பாங்க, காரணம் கடைசி வரை தெரியாது.

லிஃப்ட்ல ஏத்தி, டிரெய்லிங் ஆர்மோட (சக்கரத்துல இருந்து முன்னால போற தண்டு) முன் புஷ்ல கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு நீங்களும் பாருங்க. ரப்பர்ல மேலாக்க சின்னச் சின்ன வெடிப்பு இருந்தா பயப்பட வேணாம். நெம்பும்போது ரப்பர் வாயைப் பொளந்துக்கிட்டு உள் குழாயில இருந்து பிரிஞ்சு வந்தா அது முடிஞ்ச புஷ். லோயர் ஆர்ம், டோ லிங்க் புஷ்களையும் அதே மாதிரி. ஷாக் அப்சார்பர்ல எண்ணெய்க் கசிவு இருக்கான்னும், ரெண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே உயரத்துல நிக்குதான்னும் பார்த்துடுங்க. ஒரு பக்கம் ஸ்பிரிங் இறங்கியிருந்தா கேம்பர் தானா உள்ளே சாயும். டிக்கியில எப்பவும் பாரம் வச்சு ஓட்டுறீங்களா? அதுவும் அதே வேலையைச் செய்யும்.

கேம் போல்ட் துருப் பிடிச்சு இறுகியிருந்தா சூடு பண்ணியோ அறுத்தோ எடுக்கணும். அந்தச் சோம்பல்லதான் பாதிப் பேர் பின்பக்கத்தைத் தொடறதில்ல. புது போல்ட் தயாரா வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க.

வளைவுராஜா

பிறகு இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எனக்கு நேர் எதிர் கதை, முன் இரண்டின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தது. அலைன்மென்ட் நான்கு சக்கரமும் சரியாகவே இருந்தது. எங்கள் வழியில் ரவுண்டானா அதிகம். உயரமான வண்டி திருப்பத்தில் சாயும்போது பாரம் முழுக்க முன் வெளி ஓரத்தில் விழுகிறது. வேகத்தைக் குறைத்துத் திரும்புவதும், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காமல் சக்கரம் உருள ஆரம்பித்த பிறகு ஒடிப்பதும் நல்ல பலன் கொடுத்தன.

சாலைவாசி

வேறொரு கடையில் நான்கு சக்கரமும் அளக்கச் சொல்லி, புஷ் சோதனையையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்களைப் போடுகிறேன், யாருக்காவது உதவும்.

சரிசெய்யும் முன் பின் இடது டோ மைனஸ் 0.22 டிகிரி, அதாவது வெளியே. கேம்பர் மைனஸ் 1.9. பின் வலது டோ பிளஸ் 0.08, கேம்பர் மைனஸ் 1.3. இந்த வண்டிக்குப் பின் டோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் 0 முதல் பிளஸ் 0.20 வரை இருக்கலாம், கேம்பர் மைனஸ் 0.5 முதல் மைனஸ் 1.5 வரை.

இடது டிரெய்லிங் ஆர்ம் முன் புஷ், அண்ணன் சொன்ன மாதிரியே. கடப்பாரை வைத்ததும் ரப்பர் அரைவட்டத்துக்கு மேல் பிரிந்து, உள்ளே கருப்புத் தூளாகக் கொட்டியது. வலது புஷ்ஷில் வெடிப்பு மட்டும். இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். கேம் போல்ட் அதிர்ஷ்டவசமாக அசைந்தது. வேலை முடிந்தபின் பின் டோ இரண்டு பக்கமும் பிளஸ் 0.10, இடது கேம்பர் மைனஸ் 1.3. ஸ்டியரிங் நேராக நிற்கிறது.

அண்ணே, எண்மீன், இருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. இப்போது டயர் கேள்வி. பின் இரண்டை மட்டும் மாற்றலாமா? முன்னால் 4.6 மி.மீ. இருக்கிறதே, தூக்கிப் போட மனம் வரவில்லை.

எண்மீன்

ஃப்ரண்ட் வீல் டிரைவ் என்றால் தயங்காமல் இரண்டு மட்டும் வாங்கிப் பின்னால் போடச் சொல்லியிருப்பேன். புது ஜோடி பின் அச்சில்தான் போக வேண்டும். ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதை மீட்பது கடினம்.

உங்களுடையது ஆல் வீல் டிரைவ். 225/60 ஆர்17 புது டயரின் விட்டம் சுமார் 702 மி.மீ. 8 மி.மீ. டயர் பின்னாலும் 4.6 மி.மீ. டயர் முன்னாலும் இருந்தால் ஆழத்தில் 3.4 வித்தியாசம், விட்டத்தில் 6.8, சுற்றளவில் 21 மி.மீ.க்கு மேல். ஏறத்தாழ ஒரு சதவீதம். நேராகப் போகும்போதே முன் சக்கரம் பின்னைவிட வேகமாகச் சுற்றும். வண்டியின் கணினி அதைச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு முன், பின் அச்சுகளை இணைக்கும் கப்ளிங்கை அடிக்கடி பூட்டப் பார்க்கும். அது சூடாகிப் போனால் செலவு நான்கு டயரைவிடப் பல மடங்கு. பல தயாரிப்பாளர்கள் ஆழ வித்தியாசம் 2 மி.மீ. அளவுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுவே முடிவு.

ரப்பர்காரன்

சில நாடுகளில் புது டயரை இயந்திரத்தில் சீவி, பழைய டயரின் ஆழத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வசதி இருந்தால் இரண்டு வாங்கிச் சீவிக்கொள்ளலாம். இல்லையென்றால் நான்கு. முன் இரண்டையும் எறியாதீர்கள், அதே அளவு டயர் போடும் ஃப்ரண்ட் வீல் டிரைவ் வண்டிக்காரருக்கு அவை நன்றாகவே உழைக்கும்.

சாலைவாசி

கையேட்டில் நான்கும் ஒரே அளவு, ஒரே பிராண்ட், ஒரே மாதிரித் தேய்மானம் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. நான்கு வாங்கிவிடுகிறேன். முன் இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டார்.

புஷ் மாற்றியது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்போது தெரியும்? 10,000 வரை காத்திருக்க வேண்டுமா?

பழைய ஸ்பேனர்

வேணாம் தம்பி. 2,000 கி.மீ. ஓடினதும் பின் இடதைக் கையால தடவுங்க. டோ தப்பா இருந்தா ஆழம் குறையறதுக்கு ரொம்ப முன்னாடியே ரம்பம் கையில தட்டுப்படும். கேஜும் வையுங்க, உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் 0.3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா உடனே திரும்பி மெஷின்ல ஏத்துங்க. 8,000ல ரொட்டேஷன், பின் ரெண்டும் நேரா முன்னால, முன் ரெண்டும் குறுக்கா பின்னால. கையேட்டுல வேற மாதிரி போட்டிருந்தா அதையே பண்ணுங்க. மாத்தறதுக்கு முன்னாடி எந்த டயர் எந்த மூலையில இருந்ததுன்னு சாக்பீஸால உள்பக்கம் எழுதிட்டு, பன்னெண்டு அளவையும் குறிச்சு வச்சுக்குங்க. அடுத்த தடவை ஏதாவது ஒரு ஓரம் தேஞ்சா எந்த மூலையில தேஞ்சதுன்னு அந்தக் காகிதம் சொல்லும்.